8671 என்ற எண்ணுக்குப் பின்னால்: வர்த்தகப் பேச்சுவார்த்தையாளர்களுக்கு ஒரு கட்டடக் கலைஞரின் திறந்த மடல்

சேவை வர்த்தக உடன்படிக்கைகளைப் பேசி முடிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

நான் ஒரு கட்டடக் கலைஞர். இருபத்தைந்து ஆண்டுகளாக இதுதான் தொழில். தொடக்கத்தில் சில ஆண்டுகள் வெளிநாட்டு அலுவலகம் ஒன்றில் இளநிலை ஊழியராக உட்கார்ந்து வரைந்தேன். பிறகு நாடு திரும்பி, சிறிய அலுவலகம் ஒன்றைத் தொடங்கி, பல திட்டங்களில் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு உள்ளூர்க் கூட்டாளியாக வேலை பார்த்தேன். வேலைக்காக எல்லை தாண்டியவனும் நான்தான். எல்லை தாண்டி வந்தவர்களோடு சேர்ந்து வேலை செய்தவனும் நான்தான். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

கதவை மூடுங்கள் என்று கேட்பதற்காக எழுதவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் தொழிலிலிருந்து யாராவது வாய் திறந்தாலே, போட்டிக்குப் பயந்து பேசுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் உங்கள் அறைகளில் இருக்கிறது. எனக்குப் பயம் வேறு இடத்தில்.

உங்கள் பட்டியலில் எங்கள் தொழில் ஒரு எண். 8671 என்றால் கட்டடக்கலைச் சேவை. 8672 பொறியியல். 8673 ஒருங்கிணைந்த பொறியியல். 8674 நகரத் திட்டமிடலும் நிலத்தோட்ட வடிவமைப்பும். ஐக்கிய நாடுகள் அவையின் பொருள் வகைப்பாட்டிலிருந்து எடுத்த எண்கள் இவை. 1995 ஜனவரி 1 அன்று உலக வர்த்தக அமைப்போடு சேர்ந்து நடைமுறைக்கு வந்த சேவை வர்த்தகப் பொது உடன்படிக்கையில், நாடுகள் பலவும் இந்த எண்களின் எதிரே தங்கள் வாக்குறுதிகளை எழுதிக் கொடுத்தன. எண் இல்லாமல் பேச்சுவார்த்தை நடத்த முடியாது, எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த எண்ணுக்குள் போனதும் ஒரு கட்டடம் என்பது ஒருவர் விற்க, இன்னொருவர் வாங்க, அத்தோடு முடிந்துபோகிற ஒன்றாக மாறிவிடுகிறது. என் கவலையெல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு தணிக்கையாளரின் சேவையை வாங்குபவர்தான் பெரும்பாலும் அதைப் பயன்படுத்துபவரும். கட்டடம் அப்படியில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுபவர் ஒரு முதலீட்டாளராக இருப்பார், அல்லது ஓர் அரசுத் துறையாக இருக்கும். அதில் முப்பது நாற்பது ஆண்டுகள் வேலை பார்ப்பவர்கள், படிப்பவர்கள், நோயாளியாகப் படுப்பவர்கள், வெளியே நடைபாதையில் அதன் நிழலிலோ அதன் கண்ணாடி திருப்பி அடிக்கும் வெயிலிலோ நடப்பவர்கள் யாரும் அந்த ஒப்பந்தத்தில் இல்லை. உரிமம், பதிவு, உள்ளூர் விதிகள் என்று நாங்கள் வைத்திருப்பவையெல்லாம் இந்த மூன்றாம் தரப்புக்காக வந்தவை. பொது உடன்படிக்கையின் ஆறாவது பிரிவோ, உரிமம் வழங்கும் விதிகள் 'சேவையின் தரத்தை உறுதிசெய்யத் தேவையான அளவுக்கு மேல் சுமையாக இருக்கக் கூடாது' என்ற பொருளில் பேசுகிறது. நியாயமான வாசகம்தான். ஆனால் தரம் யாருக்கு? வாங்கியவருக்கா, அடுத்த வீட்டில் தூங்குபவருக்கா? தீ விபத்தில் படிக்கட்டைத் தேடி ஓடுபவருக்கும் சேவையின் தரத்துக்கும் என்ன தொடர்பு என்பதை அந்த வாசகம் சொல்லவில்லை. உடன்படிக்கையின் முகவுரை நாடுகளின் ஒழுங்குபடுத்தும் உரிமையை ஏற்கிறது என்று நீங்கள் பதில் சொல்லக்கூடும். உண்மைதான். ஆனால் முகவுரையை நம்பி ஒரு சிறிய நாட்டின் கட்டடக் கலைஞர் பதிவு மன்றம் ஒரு வழக்கில் நிற்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். எந்த நிறுவனம், எந்த ஊர் என்பது இங்கே முக்கியமில்லை.

பெரிய அலுவலக வளாகம் ஒன்று. வடிவமைப்பு ஒரு வெளிநாட்டு நிறுவனத்துடையது. நாங்கள் உள்ளூர்க் கூட்டாளி. அவர்களுடைய ஒப்பந்தத்தில் 'கருத்து வடிவமைப்பு' என்றிருந்தது. எங்களுடையதில் 'மற்ற எல்லாம்' என்று எழுதாத குறைதான். மின்னஞ்சலில் வரைபடங்கள் வந்தன. மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அந்த அட்சரேகையில் பிற்பகல் வெயில் எப்படி இறங்கும் என்று கணக்குப் போட்டு, ஒவ்வொரு தளத்திலும் நிழல் தரும் தகடுகள் வேண்டும் என்று எழுதினோம். முகப்பின் தூய்மை கெடும் என்று பதில் வந்தது. மறுபடி எழுதினோம். கட்டடத்தின் சொந்தக்காரர் எங்களைக் கூப்பிட்டு, உலகப் புகழ் பெற்றவர்களோடு ஏன் வாதாடுகிறீர்கள் என்று கேட்டார். சரி என்று விட்டுவிட்டோம். அது என் தவறு, இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. உள்ளூர்ச் சட்டப்படி அனுமதி விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டது நான். திறப்பு விழாவில் பலகையில் இருந்தது அவர்கள் பெயர்.

இரண்டாவது கோடையில் மேற்குப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் மேசைகளை உள்ளே தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். மூன்றாம் ஆண்டில் கண்ணாடிகளுக்கு உள்பக்கம் படலம் ஒட்டினார்கள். ஐந்தாம் ஆண்டில் கண்ணாடிப் பிணைப்புகள் வழியாக மழைநீர் கசிந்தது. எல்லாத் தொலைபேசி அழைப்புகளும் எங்கள் அலுவலகத்துக்கு வந்தன. வெளிநாட்டு நிறுவனத்தில் அந்தத் திட்டத்தைப் பார்த்த குழுவே கலைந்துவிட்டது. எழுதிய கடிதத்துக்கு, தங்கள் பொறுப்பு கருத்து நிலையோடு முடிந்தது என்று சட்டப் பிரிவிலிருந்து பதில் வந்தது. ஒப்பந்தப்படி அவர்கள் சொன்னது சரி. அதனால்தான் அந்த ஒப்பந்த முறையே தவறு என்கிறேன்.

பல நாடுகளின் சட்டம் இந்தப் பொறுப்பை மிகக் கனமாக வைத்திருக்கிறது. பிரான்சின் சிவில் சட்டம் கட்டடத்தின் உறுதியைக் குலைக்கும் குறைகளுக்கும், கட்டடத்தைப் பயன்படுத்தவே முடியாமல் செய்யும் குறைகளுக்கும் பத்து ஆண்டுகள் கட்டுநரைப் பொறுப்பாக்குகிறது. கட்டடக் கலைஞரும் அதில் அடக்கம். எகிப்தின் சிவில் சட்டத்திலும் இடிவுக்குப் பத்தாண்டுப் பொறுப்பு உண்டு. வரைந்து மட்டும் கொடுத்தவர் வடிவமைப்புக் குறைகளுக்கு மட்டும் பொறுப்பு என்றும் அங்கே பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள். கவனியுங்கள், வரைந்தவர் வடிவமைப்புக் குறைக்குப் பொறுப்பு. அவர் எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தால் அந்தப் பொறுப்பு எப்படிப் போய்ச் சேரும்? உங்கள் உடன்படிக்கைகளில் சேவை எல்லை தாண்ட நான்கு வழிகள் எழுதியிருக்கிறீர்கள். பொறுப்பு எல்லை தாண்ட ஒரு வழியும் எழுதவில்லை.

அந்த நான்கு வழிகளையும் எங்கள் அலுவலக மொழியில் சொல்லிப் பார்க்கிறேன். முதல் வழியில் வரைபடம் மட்டும் போகிறது. மனிதர் இருந்த இடத்திலேயே இருக்கிறார். இரண்டாவதில் சேவையைப் பெறுபவர் வெளிநாட்டுக்குப் போகிறார். எங்கள் துறையில் இது அரிது. மூன்றாவதில் நிறுவனம் கிளை திறக்கிறது. நான்காவதில் மனிதரே போகிறார். பெரும்பாலான நாடுகளின் வாக்குறுதிப் பட்டியல்களைப் புரட்டினால் முதல் மூன்றுக்கும் ஓரளவு தாராளமான சொற்கள் இருக்கின்றன. நான்காவதுக்கு வந்ததும் சொற்கள் சுருங்கிவிடுகின்றன. நிறுவனத்துக்குள் இடம் மாறும் மேலாளர், நிபுணர், வணிகப் பேச்சுக்கு வருபவர், சில இடங்களில் ஒப்பந்தத்தின் பேரில் குறுகிய காலம் வருபவர் என்று ஒரு சிறு வட்டம்.

இதன் விளைவை நீங்கள் நேரில் பார்த்திருக்க மாட்டீர்கள். பெரிய நிறுவனம் சுலபமாக எல்லை தாண்டுகிறது. தனியாளாகத் தொழில் செய்யும் கலைஞரால் முடியவில்லை. எங்கள் தொழிலில் பெரும்பாலோர் நான்கைந்து பேர் உட்கார்ந்திருக்கும் அலுவலகங்களில்தான் இருக்கிறோம். கிளை திறக்க எங்களுக்கு வழியில்லை. எங்களுக்கு இருப்பது ஒரு தலையும் இரண்டு கைகளும். அதற்கு விசா வேண்டும். 'வெளிநாட்டுப் போட்டி' என்று எல்லோரும் பேசுகிற போட்டியில் எல்லா வெளிநாட்டவரும் இல்லை. கிளை திறக்க வசதி உள்ளவர்கள் மட்டும்தான் இருக்கிறார்கள்.

நல்லபடியாக நடந்த எல்லை தாண்டல்களையும் நான் அறிவேன். சண்டிகரை எடுத்துக்கொள்ளுங்கள். 1951இல் கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே அந்தப் புதிய நகரத்தை வடிவமைக்கும் வேலையை ஏற்றபோது ஆண்டுக்கு இரண்டு முறை வந்து தங்குவது என்ற ஏற்பாடுதான். ஆனால் அவருடைய உறவினரும் கூட்டாளியுமான பியர் ஜான்னரே அங்கேயே குடியிருந்தார். 1965 வரை இருந்தார். வீடுகள், பள்ளிகள், நாற்காலிகள் வரை உள்ளூர் இளைஞர்களோடு உட்கார்ந்து வரைந்தார். யூலி சௌத்ரி, ஜீத் மல்ஹோத்ரா, ஆதித்ய பிரகாஷ் போன்றவர்கள் அந்தக் குழுவில் வளர்ந்தவர்கள். உடல்நலம் கெட்டு ஜெனீவா திரும்பிய ஜான்னரே 1967இல் இறந்தார். அவர் விருப்பப்படி அவருடைய அஸ்தியைச் சண்டிகரின் சுக்னா ஏரியில் கரைத்தார்கள். உலகம் கொர்புசியேயின் பெயரைச் சொல்கிறது. அந்த நகரத்தில் தினமும் பலர் வாழ்வது ஜான்னரே வரைந்த வீடுகளில்.

டாக்காவின் நாடாளுமன்ற வளாகமும் அப்படித்தான். அந்தப் பெரிய வேலை தன்னைத் தேடி வந்தபோது, உலகின் மிகச் சிறந்தவர் ஒருவர் இதைச் செய்ய வேண்டும், அதைப் பார்த்து எங்கள் தலைமுறை கற்றுக்கொள்ள வேண்டும் என்று வழிவிட்டவர் வங்காளக் கட்டடக் கலைஞர் முஸ்ஹாருல் இஸ்லாம். அப்படித்தான் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயி கான் வந்தார். கான் 1974இல் இறந்தார். கட்டடம் 1982இல் முடிந்தது. ஒரு கலைஞர் தன் கையிலிருந்த வாய்ப்பை வெளிநாட்டவருக்குக் கொடுத்த கதை அது. எங்களைப் பாதுகாப்புவாதிகள் என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது முஸ்ஹாருல் இஸ்லாம்தான்.

சிட்னியின் ஓபரா அரங்கில் வேறு மாதிரி நடந்தது. டென்மார்க்கின் யோர்ன் உட்ஸன் 1966இல் பாதியில் விலகினார். கூரை பெரும்பாலும் எழுந்திருந்தது, உள்ளே எதுவும் முடியவில்லை. அவர் விலகியதற்கு அரசியல் காரணம், அவர் பக்கம் நியாயம் உண்டு. ஆனால் அதற்குப் பிறகு முப்பதுகளின் நடுவில் இருந்த பீட்டர் ஹால் என்ற உள்ளூர்க் கலைஞர் தன் கூட்டாளிகளோடு அதை எடுத்து 1973இல் முடித்துக் கொடுத்தார். சக கலைஞர்கள் பலர் அவர்மேல் கோபமாக இருந்தார்கள். கட்டி முடிந்த பிறகு அந்தக் கட்டடத்தை உட்ஸன் கடைசி வரை நேரில் பார்க்கவில்லை. ஹாலின் பெயர் நீண்ட காலம் யாருக்கும் தெரியவில்லை. உள்ளூர்க் கூட்டாளி என்ற சொல்லை உங்கள் ஆவணங்களில் 'சந்தை அணுகலுக்கான தடை' என்ற தலைப்பின் கீழ்ப் பார்க்கும்போதெல்லாம் நான் ஹாலை நினைக்கிறேன்.

பன்னாட்டுக் கட்டடக் கலைஞர் ஒன்றியம் இதைப் பற்றி முன்பே யோசித்துவிட்டது. உலக வர்த்தக அமைப்பு 1998 டிசம்பரில் கணக்கியல் துறைக்கான உள்நாட்டு ஒழுங்குமுறை விதிகளை ஏற்றது. அடுத்த ஆண்டே, 1999இல் பெய்ஜிங்கில் கூடிய ஒன்றியத்தின் பேரவை, தொழில்முறைத் தரங்களுக்கான ஓர் இசைவை ஏற்றது. குறைந்தது ஐந்தாண்டு முழுநேரப் படிப்பு, அதன்பின் நடைமுறைப் பயிற்சி, பதிவு, நெறிமுறை என்று எல்லாம் அதில் இருக்கிறது. தனக்குப் பதிவு இல்லாத நாட்டில் வேலை செய்யும் கலைஞர் அந்த நாட்டுக் கலைஞர் ஒருவரோடு சேர்ந்து செய்ய வேண்டும் என்பதும் ஒன்றியத்தின் வழிகாட்டுதல். உள்ளூர்ச் சட்டம், காலநிலை, கட்டும் பழக்கம், மக்களின் வாழ்க்கை எல்லாம் வரைபடத்துக்குள் வர வேண்டும் என்பதற்காக அப்படி வைத்தார்கள். அதில் ஒரு குறையும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். சேர்ந்து செய்ய வேண்டும் என்று சொல்கிறதே தவிர, சேர்ந்து பொறுப்பேற்க வேண்டும் என்பதை யாரும் கட்டாயமாக்கவில்லை. அதனால் அது பல இடங்களில் கையெழுத்து வாடகைக்கு விடுவதாக முடிகிறது. எங்கள் ஆட்களே செய்கிறார்கள். அதை மறைத்து உங்களிடம் பேச எனக்கு மனமில்லை.

2021 டிசம்பரில் 67 உறுப்பு நாடுகள் சேவைகளின் உள்நாட்டு ஒழுங்குமுறை பற்றிப் பேசி முடித்தீர்கள். 2024 பிப்ரவரியில் அபுதாபி மாநாட்டில் அது நடைமுறைக்கு வருவதாக அறிவித்தீர்கள். விண்ணப்பத்தை நியாயமான காலத்துக்குள் முடிக்க வேண்டும், கட்டணம் அளவாக இருக்க வேண்டும், விதிகளை முன்கூட்டியே வெளியிட வேண்டும், ஆண் பெண் பாகுபாடு கூடாது என்றெல்லாம் அதில் இருப்பதை முழு மனதோடு வரவேற்கிறேன். இளம் வயதில் வெளிநாட்டில் பதிவுக்கு விண்ணப்பித்து, எந்தத் தாள் குறைகிறது என்றுகூடச் சொல்லாமல் அலைக்கழிக்கப்பட்டவன் நான். இந்த விதி அப்போது இருந்திருந்தால் என் வாழ்க்கையில் ஓராண்டு மிஞ்சியிருக்கும்.

கட்டண விஷயத்துக்கு வருகிறேன். ஜெர்மனியில் கட்டடக் கலைஞருக்கும் பொறியாளருக்கும் குறைந்தபட்ச, அதிகபட்சக் கட்டணத்தை அரசு விதியாகவே வைத்திருந்தது. 2019 ஜூலை 4 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அது சேவைகள் பற்றிய ஐரோப்பிய நெறிக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. 2021 தொடக்கத்திலிருந்து அந்தக் கட்டண வரம்புகள் கட்டாயம் இல்லை. போட்டி வென்றது என்று எழுதினார்கள். தீர்ப்பைப் பொறுமையாகப் படித்தால் வேறொன்று தெரியும். குறைந்தபட்சக் கட்டணம் தரத்தைக் காக்க உதவக்கூடும் என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை. ஆனால் அந்த நாட்டில் தகுதி நிரூபிக்காதவர்களும் திட்டமிடல் சேவை தரலாம் என்று இருக்கும்போது, கட்டணத்தை மட்டும் பிடித்துக்கொண்டு தரத்தைக் காக்கிறோம் என்பது பொருந்தவில்லை என்றுதான் சொன்னது. எனக்கு இதில் பெரிய பாடம் இருக்கிறது. விலையைப் பாதுகாக்க முயலும் தொழில் தோற்கும்; யார் இந்த வேலையைச் செய்யலாம் என்பதைத் தெளிவாக வைத்திருக்கும் தொழில் நீதிமன்றத்தின் முன்னும் நிற்கும். எங்கள் சங்கங்களுக்கு இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

விலையை எப்போது பேசுவது என்பதற்கு அமெரிக்காவின் 1972ஆம் ஆண்டு புரூக்ஸ் சட்டம் ஒரு வழி காட்டுகிறது. கூட்டாட்சி அரசின் வேலைகளுக்குக் கட்டடக் கலைஞரையும் பொறியாளரையும் முதலில் தகுதியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதற்குப் பிறகே கட்டணம் பேசுகிறார்கள். குறைந்த விலைக்கு டெண்டர் போட்டு மணலை வாங்கலாம். ஒரு மருத்துவமனையின் வடிவமைப்பை அப்படி வாங்கினால், வரையும் நேரத்தில் மிச்சம் பிடித்த காசை அடுத்த ஐம்பது ஆண்டு மின்கட்டணத்தில் கொட்ட வேண்டியிருக்கும்.

அரசுக் கட்டடங்கள் என்று வரும்போது பொது உடன்படிக்கையின் 13ஆவது பிரிவு அரசுக் கொள்முதலைச் சந்தை அணுகல் கடமைகளிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. விரும்பிச் சேர்ந்த நாடுகளுக்கு மட்டும் அரசுக் கொள்முதல் உடன்படிக்கை என்று தனியாக ஒன்று. அதில் எனக்குப் பிடித்த ஒரு வரி உண்டு. வடிவமைப்புப் போட்டி நியாயமாக நடந்து, சுதந்திரமான நடுவர் குழு தேர்ந்தெடுத்தால், வென்றவருக்கு நேரடியாக வேலையைக் கொடுக்கலாம் என்கிறது. எத்தனை பேர் இதைப் பயன்படுத்துகிறார்கள்? நான் பார்த்த டெண்டர்களில் முதல் பக்கத்திலேயே ஆண்டு வருமானம் இத்தனை கோடி இருக்க வேண்டும், இதே அளவுள்ள கட்டடங்கள் இத்தனை முடித்திருக்க வேண்டும் என்று போட்டுவிடுகிறார்கள். அந்த நிபந்தனைக்குள் நுழைய முடிகிறவர்கள் உலகம் முழுக்க ஒரே சிறு கூட்டம்.

அந்த நிபந்தனை அன்றைக்கு இருந்திருந்தால் சிட்னியில் உட்ஸனுக்கு இடமே இருந்திருக்காது. 1957இல் போட்டியின் முடிவு வந்தபோது அவருக்கு வயது 38. கட்டிமுடித்தவை சில சிறிய கட்டடங்கள்தான். 233 வடிவமைப்புகளில் அவருடையது ஒன்று. பாரிஸின் பொம்பிடு மையத்துக்கு 1971இல் 681 வடிவமைப்புகள் வந்தன. வென்ற ரென்ஸோ பியானோவும் ரிச்சர்ட் ராஜர்ஸும் அப்போது முப்பதுகளில் இருந்தவர்கள். இத்தாலியரும் ஆங்கிலேயரும் சேர்ந்து பிரான்சில் கட்டினார்கள். வெளிநாட்டவருக்கு உண்மையாகக் கதவு திறந்த தருணங்கள் இவை. எந்த வர்த்தக உடன்படிக்கையும் இல்லாமல் நடந்தவை. பெயரை மறைத்து வைத்து வரைபடத்தை மட்டும் பார்த்த நடுவர்களால் நடந்தவை.

உடன்படிக்கையின் நெருக்கடியோடு ஒட்டி நடந்ததற்கும் ஒரு நல்ல உதாரணம் உண்டு. 1980களில் கன்சாய் விமான நிலைய வேலைகளை முன்னிட்டு, ஜப்பான் தன் கட்டுமானச் சந்தையைத் திறக்கவில்லை என்று அமெரிக்கா சச்சரவு எழுப்பியது. 1988இல் இரு நாடுகளும் ஓர் இணக்கத்துக்கு வந்தன. அதே ஆண்டு முனையக் கட்டடத்துக்கு நடந்த பன்னாட்டுப் போட்டியில் பியானோ வென்றார். அவரோடு ஜப்பானின் நிக்கென் செக்கேய் நிறுவனமும் சேர்ந்து வேலை செய்தது. 1994இல் திறந்தார்கள். கடலில் மண் கொட்டி உண்டாக்கிய தீவு அது. தரை இறங்கிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு இடத்திலும் வேறு அளவில். அதனால் தூண்களின் அடியில் ஜாக்கி வைத்து உயர்த்திச் சரிசெய்யும்படி கட்டியிருக்கிறார்கள். திறப்பு விழா முடிந்து இத்தனை ஆண்டுகளாக யாரோ ஒருவர் அங்கே தரையை அளந்துகொண்டிருக்கிறார். என் மனதில் கட்டடக்கலைச் சேவை என்றால் அவரும் சேர்ந்ததுதான்.

பட்டங்களையும் பதிவுகளையும் ஒருவருக்கொருவர் ஏற்றுக்கொள்ளும் உடன்படிக்கைகள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவை மெதுவாக நகர்கின்றன, நகரட்டும். ஐரோப்பாவில் கட்டடக் கலைஞருக்கான நெறி 1967இல் முன்மொழியப்பட்டு 1985இல்தான் நிறைவேறியது. ஆசியான் நாடுகள் 2007இல் கையெழுத்திட்டன. கனடாவும் ஐரோப்பிய ஒன்றியமும் 2024இல் முடித்தன. ஆனால் ஒரு குறை பலவற்றில் திரும்பத் திரும்ப வருகிறது. பட்டம் பெற்றுப் பத்தாண்டு அனுபவம் என்ற மாதிரி நிபந்தனைகள். நாற்பதை நெருங்குகிறவருக்கு, குடும்பமும் அலுவலகமும் ஒரே ஊரில் வேர்விட்ட பிறகு, கதவு திறக்கிறது. இருபத்தைந்து வயதில் போகத் துடிப்பவருக்குத் திறப்பதில்லை. அந்த வயதில் வேறொரு நாட்டில் செய்த பயிற்சி மாதங்களைச் சொந்த நாட்டுப் பதிவு மன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டால் போதும். பாதித் தடை விலகும். இதற்குப் பெரிய உடன்படிக்கைகூட வேண்டாம்.

இன்னொன்று இருக்கிறது, யாரும் பேசுவதில்லை. மின்வழி அனுப்பல்களுக்குச் சுங்கம் இல்லை என்று 1998இல் ஏற்றுக்கொண்டு, அதன்பின் பல முறை நீட்டித்தீர்கள். எங்கள் கோப்புகள் அப்படித்தான் பறக்கின்றன. ஒரு கண்டத்தில் மாலை வேலை முடிகிறது, இன்னொரு கண்டத்தில் இளைஞர் ஒருவர் அதைத் திறந்து இரவு முழுக்கக் கதவு ஜன்னல் அட்டவணைகளையும் படிக்கட்டு வெட்டுத் தோற்றங்களையும் வரைந்து அனுப்புகிறார். நானே அந்த வேலை செய்திருக்கிறேன். எந்தக் கட்டடம் என்றுகூடப் பல நாள் தெரியாது. கோப்பில் ஓர் எண் மட்டும் இருக்கும். அந்தப் படிக்கட்டில் யார் ஏறுவார்கள், சைட்டில் மண் எப்படி இருக்கிறது எதுவும் தெரியாது. வரைந்தவர் பெயர் வரைபடத்தில் எங்கும் வராது. கையெழுத்துப் போடுபவரின் மேற்பார்வையில் வரைந்தது என்று கடைசியில் ஒரு முத்திரை விழும். அந்த மேற்பார்வை உண்மையில் நடந்ததா என்று கேட்க எந்த உடன்படிக்கையிலும் இடமில்லை. தீர்வையை விடுங்கள், எனக்கு அது பெரிதில்லை. வரைந்த கையின் பெயரும் ஊரும் வரைபடத்தின் தலைப்புக் கட்டத்தில் இருக்க வேண்டும் என்பது ஒரே வாக்கியத்தில் எழுதிவிடக்கூடிய விதி. அந்த இளைஞருக்கு அது அனுபவச் சான்றாகவும் நிற்கும்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். அடுத்த சுற்றில் 8671க்கு எதிரே 'உள்ளூர்க் கூட்டாளி கட்டாயம்' என்ற நிபந்தனையை எடுங்கள் என்று ஒரு தரப்பும், வையுங்கள் என்று இன்னொரு தரப்பும் இழுக்கும்போது, அதற்குப் பதிலாகக் கூட்டுப் பொறுப்பை எழுதுங்கள். பலகையில் பெயர் போட்டுக்கொள்ளும் நிறுவனம் கட்டடம் நிற்கும் நாட்டின் சட்டப்படி, அந்த நாட்டின் நீதிமன்றத்தில், அந்த நாட்டில் செல்லும் காப்பீட்டோடு, உள்ளூர்க் கையெழுத்துக்காரரோடு சேர்ந்து முழுக் காலத்துக்கும் பொறுப்பேற்கட்டும். அதை ஏற்பவர் எந்த நாட்டவராக இருந்தாலும் வரட்டும். நாட்டுரிமையைப் பார்க்காத விதி இது. உங்கள் பாகுபாடின்மைக் கொள்கைக்கும் முரண் இல்லை. பெரிய நிறுவனங்கள் எதிர்க்கும். நிழல் தகடு வேண்டாம் என்று சொல்வதற்கு முன் ஒரு முறை அவர்கள் யோசிப்பார்கள் என்பதுதான் எனக்கு வேண்டியது.

அதோடு, நான்காவது வழியில் தனியாகத் தொழில் செய்யும் கலைஞருக்கும் பயிற்சிக் காலத்தில் இருக்கும் இளைஞருக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். அரசு வேலைகளில் வருமான வரம்பை விட்டு வடிவமைப்புப் போட்டியைப் பயன்படுத்த, ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கும் பிரிவையே பயன்படுத்துங்கள்.

வரைவு எழுதும் மேசையில் எங்களில் ஒருவரை உட்காரவையுங்கள். பெரிய நிறுவனங்களின் பிரதிநிதி போதாது. அனுமதி விண்ணப்பங்களில் கையெழுத்துப் போட்டு, பிறகு கசிவுக்கான தொலைபேசி அழைப்புகளையும் எடுத்த ஒருவர் வேண்டும். நான் வரத் தயார். என்னைவிட நன்றாகப் பேசக்கூடிய சக கலைஞர்களையும் எனக்குத் தெரியும். கூட்டுப் பொறுப்புக்கான பிரிவை எப்படி எழுதலாம் என்று ஒரு வரைவு செய்து வைத்திருக்கிறேன், ஒன்றரைப் பக்கம்தான். கேட்டால் அனுப்புகிறேன், உங்கள் சட்ட வல்லுநர்கள் திருத்திக் கொடுத்தால் மறுபடி உட்கார்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
ஒரு கட்டடக் கலைஞர்